தன் வில்லின் நாண்

போன டிசம்பரில் ஒரு ராத்திரி, சித்தி பையனிடமிருந்து வாட்ஸப்பில் ஏழெட்டுப் படங்கள் வந்தன. எல்லாமே எல்போ கார்டுகள். ஆமை ஓடு மாதிரி ஒன்று, பூட்ஸ் தோல் மாதிரி ஒன்று, காலுறையின் நடுப்பகுதியை வெட்டியெடுத்த மாதிரி ஒன்று. கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அக்கா, இதுல எது வாங்கலாம்? லெவல் 2-னு போட்டிருக்கறத வாங்கிட்டா எப்படி விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதுல்ல?"

உடனே பதில் போடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தேன். வலது கை நேராக நீள்கிறது. இடது கை கடைசிப் பத்துப் பதினைந்து பாகை இருக்கும்போது நின்றுவிடும், கதவுக்குப் பின்னால் ஏதோ கிடந்து இடிப்பது மாதிரி. மூன்று வருடமாக அப்படித்தான். அந்தக் கை முறிந்த அன்று, கடையில் இருந்ததிலேயே கனமான எல்போ கார்டைத்தான் நான் மாட்டியிருந்தேன்.

கதை இதுதான். சனிக்கிழமைகளில் விடியற்காலை சைக்கிளைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு, கோவையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் போவோம். தேயிலைத் தோட்டங்களை ஒட்டி இறங்கும் மண் பாதைகளில் ஓட்டுவோம். முதல் வருடம் ஒரு சரளைத் திருப்பத்தில் பின்சக்கரம் வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்துவிட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை. வீட்டில் அம்மா கட்டுத் துணியைப் பார்த்துவிட்டு, "முழுக்கைச் சட்டையாவது போட்டுட்டுப் போயிருக்கலாம்ல? உங்க அம்மிச்சிக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலியே" என்றாள். நான் சிரித்தேன். மறுவாரம் கெட்டியான பிளாஸ்டிக் ஓடு வைத்த கார்டை வாங்கினேன். போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் போருக்குப் போகிற ஆள் மாதிரி இருந்தது. பிடித்திருந்தது.

அடுத்த வருடம் ஒரு வேரில் முன்சக்கரம் மாட்டி, ஹேண்டில்பாருக்கு மேலாகத் தூக்கியெறியப்பட்டேன். விழும்போது எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், கையை நீட்டித் தரையில் ஊன்றினேன். உள்ளங்கையில் வாங்கிய அடி முன்கை வழியாக மேலேறி, கட்டைவிரல் பக்கத்து எலும்பின் மேல்முனையை முழங்கைக்குள்ளேயே உடைத்துவிட்டது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "கைய ஊனி விழுந்தீங்களா?" என்று கேட்டார். பக்கத்து நாற்காலியில் கழற்றி வைத்திருந்த கார்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆக, தம்பியின் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் சொல்ல முடியாது. "இல்லை" என்று சொன்னால் எதுவுமே போடாமல் போவான்; பத்தொன்பது வயது. அதற்குள் சித்தியின் போன். "உன்னப் பாத்துத்தான் அவனுக்கு இந்தப் பைத்தியம் புடிச்சுது. நீயே பாத்து நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுத்துரு சாமி." சித்தியின் குரலில் கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. முடிவெடுக்கத் தெரியாத விஷயம் என்றால் அதன் வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்துவிடுவேன். மனிதர்கள் முதன்முதலில் எதற்காகக் கையை மூடினார்கள்? அங்கிருந்து தொடங்கினேன்.

*

2002இல் இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்சுக்குப் பக்கத்தில், ஏம்ஸ்பரி என்ற ஊரில், ஒரு புதைகுழி கிடைத்தது. ஏறத்தாழ 4,300 வருடங்களுக்கு முந்தைய ஒரு மனிதன். கூடவே அம்பு முனைகள், செம்புக் கத்திகள், தங்க அணிகள். இரண்டு கல் பட்டைகளும் இருந்தன. ஒன்று கருப்பு, அவன் முன்கையின் மேல் இருந்தது. இன்னொன்று சிவப்பு, முழங்காலருகே கிடந்தது. வில்லாளிகள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் காப்பு என்று தொல்லியலாளர்கள் இவற்றை அழைக்கிறார்கள். உண்மையிலேயே பயன்பாட்டுப் பொருளா, அல்லது "நான் வில்லாளி" என்று காட்டிக்கொள்ளும் அணியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. கண்ணாடி முன்னால் நின்ற என்னை நினைத்துக்கொண்டேன்.

வில்லாளிக்கு எதற்குக் கைக்காப்பு? எதிரியின் அம்பைத் தடுக்கவா? இல்லை. இடது கையால் வில்லைப் பிடித்து வலது கையால் நாணை இழுத்து விடும்போது, அந்த நாண் திரும்பி வந்து இடது முன்கையின் உட்புறத்தில் சாட்டை மாதிரி அறையும். நாள் முழுக்க எய்தால் கை கன்றிப்போகும். அதற்காகத்தான் தோலோ எலும்போ கல்லோ கட்டினார்கள்.

நம் பக்கத்திலும் இதற்குப் பெயர் இருக்கிறது. வால்மீகி ராமாயணத்தின் பாலகாண்டத்தில் விசுவாமித்திரர் பின்னால் புறப்படும் ராமனும் லட்சுமணனும் விரல்காப்போடு 'கோதா'வும் அணிந்திருக்கிறார்கள். நாண் அடியிலிருந்து இடது கையைக் காக்கும் தோல்பட்டை அது. சமஸ்கிருதத்தில் அதே சொல்லுக்கு உடும்பு என்றும் பொருள். அசுரர்களை எதிர்க்கப் போகிற இரண்டு பிள்ளைகள், முதலில் தங்கள் சொந்த வில்லிடமிருந்து கையைக் காத்துக்கொண்டு கிளம்புகிறார்கள்!

இந்த இடத்தில்தான் எனக்கு அம்மிச்சி ஞாபகம் வந்தது. சத்தியமங்கலம் பக்கம் கரும்புக் காட்டில் சோகை உரிக்கப் போகும்போது, புடவைக்கு மேலே அப்பச்சியின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டி, மணிக்கட்டுப் பட்டனை இறுக்கிப் போட்டுக்கொள்வாள். கரும்புச் சோகையின் ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும். சும்மா நின்றால் அது யாரையும் வெட்டாது. கையை விட்டு இழுக்கும்போதுதான் வெட்டும். அந்தச் சட்டை அவள் செய்யும் வேலையிலிருந்தே அவளைக் காத்தது.

அப்போது ஒன்று புரிந்தது. கைக்கவசத்துக்கு இரண்டு வம்சங்கள் இருக்கின்றன. ஒன்று, எதிரியின் அடியைத் தடுப்பது. மற்றது, நான் செய்யும் காரியமே என்னைக் காயப்படுத்தாமல் பார்த்துக்கொள்வது. கடையில் நான் தேடிப் போனது முதல் வம்சத்து வாரிசை. எனக்குத் தேவைப்பட்டதோ இரண்டாவது.

*

முதல் வம்சத்தைக் குறைத்துச் சொல்லிவிட முடியாது. முழங்கையைக் கவசத்தால் மூடுவது எவ்வளவு கஷ்டம் என்று கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தான்.

கையை மடக்கிப் பாருங்கள். வெளிப்பக்கம் கூரான ஓர் எலும்பு துருத்துகிறது. அதன் மேல் தசையே கிடையாது, தோல் மட்டும்தான். பக்கத்திலேயே ஒரு பள்ளம். அங்கே இடித்துக்கொண்டால் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் மின்சாரம் பாய்கிற மாதிரி ஓடும் அல்லவா, அந்த நரம்பு ஓடும் இடம். உள்பக்கமோ மெத்தென்ற மடிப்பு. ரத்தக் குழாய்கள் தோலுக்கு அடியிலேயே இருக்கின்றன. வெளிப்பக்கத்தைக் கெட்டியாக மூட வேண்டும், உள்பக்கம் மடங்க வேண்டும். மூடினால் மடங்காது, மடங்கினால் திறந்துகொள்ளும்.

பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கொல்லர்கள் முழங்கைக்குக் கிண்ணம் மாதிரி ஒரு தகடு அடித்து, மேலும் கீழும் சின்னச் சின்னப் பட்டைகளை ஆணியில் நகரும்படி கோத்தார்கள். கிண்ணத்தின் பக்கவாட்டில் விசிறி மாதிரி ஓர் இறக்கை விரிந்து, உள்மடிப்பின் முன்னால் நின்றது. மடிப்பை மூடாமலேயே அதைக் காக்கும் ஏற்பாடு.

முகலாயக் காலத்து இந்தியக் கொல்லர்கள் வேறு வழி பிடித்தார்கள். பாஸுபந்த், தஸ்தானா என்று பெயர். முன்கையை மூடும் எஃகுத் தகடு, மேல்நுனி கூம்பி முழங்கையைத் தாண்டிக் கொஞ்சம் நீண்டிருக்கும். மணிக்கட்டை ஒட்டிக் கீல் வைத்த இன்னொரு தகடு. முழங்கையில் மூட்டே கிடையாது. தகடு முன்கையோடு சேர்ந்து நகர்வதால் கை தாராளமாக மடங்கும், நீளும். இன்று மவுண்டன் பைக் கடைகளில் தொங்கும் 'நீளமான முன்கை கார்டு'களைப் பார்த்தால் இதே யோசனைதான், எஃகுக்குப் பதில் பிளாஸ்டிக்.

ஆனால் எனக்கு மிகவும் உதவியது விளையாட்டுக் கவசங்கள். ஈட்டியோடு குதிரையில் எதிரெதிரே பாயும் 'ஜவுஸ்ட்' போட்டியில், நடுவே ஒரு தடுப்பு இருக்கும். இருவரும் இடப்பக்கம் உரசுகிற மாதிரி கடப்பார்கள். அடி விழுவது இடப்பக்கம். இடது கைக்கோ கடிவாளத்தைப் பிடிப்பதைத் தவிர வேலை இல்லை. அதனால் இடது முழங்கைக்கு மட்டும் கூடுதலாக ஒரு பெரிய தகட்டைத் திருகி வைத்தார்கள். அசைய முடியாது, அசையத் தேவையும் இல்லை. தரையில் நின்று சண்டையிடும் போட்டிக்கு இது உதவாது. 1520இல் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிஸோடு நடக்கவிருந்த போட்டிக்காக எட்டாம் ஹென்றிக்கு ஒரு கவசம் தயாரானது. நாற்பது கிலோவுக்கு மேல் எடை, முழங்கையின் உள்மடிப்புகூட நகரும் பட்டைகளால் மூடப்பட்டிருக்கும். போட்டி விதிகள் கடைசி நேரத்தில் மாறியதால் அதை அவர் அங்கே அணியவே இல்லை. நானூற்றைம்பது வருடம் கழித்து விண்வெளி உடை தயாரித்த அமெரிக்கப் பொறியாளர்கள் அதன் மூட்டுகளை வந்து ஆராய்ந்தார்கள்.

ஒரே காலம், ஒரே முழங்கை. ஆனால் விளையாட்டு மாறினால் கவசம் மாறியது. "எது கெட்டி?" என்று அந்தக் கொல்லர்கள் கேட்கவில்லை. "இந்தக் கை என்ன வேலை செய்யப் போகிறது?" என்று கேட்டார்கள்.

*

சரி, சைக்கிளுக்கு வருவோம்.

1976 அக்டோபர் 21. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டியில், டமல்பாயஸ் மலையை ஒட்டிய ஒரு மண் சாலை. ஃபேர்ஃபாக்ஸ் என்ற சின்ன ஊரின் இளைஞர்கள் சிலர், யார் சீக்கிரம் கீழே இறங்குவது என்று பார்க்க, கடிகாரம் வைத்து ஒரு பந்தயம் நடத்தினார்கள். அவர்களிடம் இருந்தவை 1930கள், 40களில் வந்த தடித்த டயர் ஷ்வின் சைக்கிள்கள், குப்பைக்குப் போகவேண்டிய சரக்கு. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். மலையிறக்கத்தில் அந்த பிரேக் சூடேறி உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் பிரித்துப் புதிதாக கிரீஸ் அடைக்க வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் 'ரீபேக்'. பந்தயத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. மவுண்டன் பைக் என்ற பொருள் அங்கிருந்துதான் பிறந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள்.

சுமார் 3.4 கிலோமீட்டரில் 400 மீட்டர் இறக்கம். கேரி ஃபிஷரின் சாதனை நேரம் 4 நிமிடம் 22 விநாடி. கணக்குப் போட்டால் சராசரி வேகம் மணிக்கு 46 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது, அந்த பிரேக்கோடு! முதல் பந்தயத்தில் ஜெயித்த ஆலன் பாண்ட்ஸ், அன்று விழாமல் இறங்கிய ஒரே ஆள் என்பதால்தான் ஜெயித்தார் என்று அந்தக் கூட்டம் இன்றும் சொல்லிச் சிரிக்கும்.

அந்த நாட்களை நாம் பார்க்க முடிவது பெரும்பாலும் வெண்டி க்ராக் எடுத்த புகைப்படங்களால். அந்த ஆண்கள் கூட்டத்தில் தானும் ஓட்டிக்கொண்டே கேமராவும் சுமந்த பெண். படங்களை நிதானமாகப் பாருங்கள். ஜீன்ஸ், வேலைக்குப் போடும் பூட்ஸ், தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை. ஹெல்மெட் அநேகமாகக் கண்ணில் படாது. முழங்கைக் கவசம் பற்றிப் பேச்சே இல்லை. அம்மிச்சியின் உடுப்பேதான். வேலை பழகிய கை தன்னைக் காத்துக்கொள்ளும் விதம் எங்கேயும் ஒன்றுதான் போலிருக்கிறது.

அதே வருடங்களில் அதே கலிஃபோர்னியாவின் தெற்கில் இன்னொன்று நடந்தது. 1976–77இல் கடும் வறட்சி. வீடுகளின் நீச்சல் குளங்கள் காலியாகக் கிடந்தன. ஸ்கேட்போர்டு பையன்கள் அதற்குள் இறங்கினார்கள். சிமெண்ட் சுவரில் ஏறி விழுகிறவனுக்கு முழுக்கைச் சட்டை போதாது. பஞ்சுக்கு மேலே பிளாஸ்டிக் கிண்ணம் வைத்த முழங்கால் பேடும் முழங்கை பேடும் அந்த விளையாட்டோடு ஒட்டிக்கொண்டன. அந்தக் கிண்ணத்தின் வேலை அடியைத் தாங்குவது மட்டுமில்லை, வழுக்குவதும்தான். தரையைப் பிடித்துக்கொள்ளாமல் சறுக்கிக்கொண்டே போகும். பையன்கள் வேண்டுமென்றே முழங்காலில் விழுந்து சறுக்கக் கற்றார்கள். பேடு வெறும் பாதுகாப்பாக இல்லாமல் விழும் வித்தையின் ஒரு பாகமாகவே ஆகிவிட்டது.

மவுண்டன் பைக்குக்கு ஓடு வந்தது மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் வழியாக. டவுன்ஹில் போட்டிகள் வேகமெடுத்து, 1990களின் கடைசியில் கனடாவின் வான்கூவர் வடகரைக் காடுகளில் மரப்பாலங்களிலும் பாறைகளிலும் ஓட்டும் 'ஃப்ரீரைடு' வளர்ந்தபோது, மார்பு, தோள், முழங்கை எல்லாம் சேர்த்துத் தைத்த கவசச் சட்டைகள் சாதாரணமாயின. 2001இல் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் முதல் ரெட் புல் ராம்பேஜ் நடந்தது. செங்குத்தான செம்மண் முகடுகளிலிருந்து ஆட்கள் குதித்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். என் மனசில் எல்போ கார்டு என்றால் அந்த ஓடுதான். அவர்கள் வீட்டுக் கூரை உயரத்திலிருந்து பாறைக்குக் குதிக்கிறார்கள், நான் தேயிலைத் தோட்டத்தில் சரளையில் வழுக்குகிறேன் என்கிற வித்தியாசம் எனக்குத் தோன்றவே இல்லை.

*

இப்போது அந்த 'லெவல் 2'.

இந்த எண் ஐரோப்பியத் தரநிலை ஒன்றிலிருந்து வருகிறது: இஎன் 1621-1. 1997இல் வந்தது, 2012இல் திருத்தப்பட்டது. அது மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்காக எழுதப்பட்டது. சைக்கிள்காரர்கள் கடன் வாங்கிக்கொண்டோம். லேபிளில் பார்த்தால் ஒரு பைக்காரனின் குட்டிப் படம் இருக்கும். பக்கத்தில் 'இ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் முழங்கைக்கும் முன்கைக்கும் உரியது. 'ஏ' என்றால் சிறிய பரப்பு, 'பி' என்றால் முழுப் பரப்பு.

சோதனை எளிமையானது. கவசத்தை ஓர் இரும்புப் பட்டடையின் மேல் வைத்து, 5 கிலோ எடையை அதன் மேல் விழவிடுவார்கள். ஆற்றல் 50 ஜூல்; கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற கணக்கு. கவசத்தைத் தாண்டிக் கீழே எவ்வளவு விசை போகிறது என்று அளப்பார்கள். சராசரி 35 கிலோநியூட்டனைத் தாண்டாவிட்டால் லெவல் 1. 20 கிலோநியூட்டனைத் தாண்டாவிட்டால் லெவல் 2. இருபது கிலோநியூட்டன் என்பது ஒரு கணத்துக்கு இரண்டு டன் எடை உட்காருகிற அளவு. "எலும்பு உடையாது" என்று அந்த எண் எங்கேயும் சொல்லவில்லை. ஒரே அடியில் இது அதைவிடக் குறைவாகக் கடத்துகிறது, அவ்வளவுதான். முக்கியமாக, அந்த எடை நேராக மேலிருந்து கவசத்தின் மேலேயே விழுகிறது. உள்ளங்கையில் விழுந்து எலும்பு வழியாக ஏறிவரும் அடியை அந்த இயந்திரம் சோதிப்பதே இல்லை. என் கை முறிந்தது அந்த வழியில்.

இன்னொரு மாற்றமும் நடந்தது. 1999இல் ரிச்சர்ட் பாமர் என்ற ஆங்கிலேயர் டி3ஓ என்ற பொருளை உருவாக்கத் தொடங்கினார். ஸ்னோபோர்டு ஓட்டுகிறவர். சோள மாவைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துப் பாருங்கள். மெதுவாக விரலை விட்டால் உள்ளே போகும். குத்தினால் கல் மாதிரி நிற்கும். அந்த மாதிரி குணம். மெல்ல வளைத்தால் வளையும், சட்டென்று அடித்தால் இறுகும். 2006 டுரின் குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு வீரர்களின் உடையில் இது இருந்தது. பிறகு இதே மாதிரி பொருட்களைப் பல பேர் செய்தார்கள். எட்டாம் ஹென்றியின் கொல்லர்கள் நகரும் பட்டைகளால் தீர்க்க முயன்ற அந்தப் பழைய சிக்கலை, ஒரு ஆரஞ்சு நிறக் களிம்பு வேறு வழியில் தொட்டுவிட்டது. மூடவும் செய்யும், மடங்கவும் செய்யும்.

ஆனால் இதற்கும் ஒரு குணம் உண்டு. குளிரில் விறைக்கும், வெயிலில் இளகும். அதனால்தான் தரநிலையில் விருப்பச் சோதனைகள் இரண்டு இருக்கின்றன: 40 பாகை செல்சியஸில் தேறினால் 'டி பிளஸ்', உறைநிலைக்குக் கீழே 10 பாகையில் தேறினால் 'டி மைனஸ்'. கோவையில் ஏப்ரல் மாதம் ஓட்டுகிறவன் லேபிளில் தேட வேண்டியது எது என்று சொல்லத் தேவையில்லை.

*

இதையெல்லாம் படித்த பிறகும் ஒரு பயம் போகவில்லை. கவசம் போட்டால் தம்பி இன்னும் வேகமாகப் போவான்.

இது என் கற்பனை இல்லை. 1975இல் சிகாகோ பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மன், கார்களில் பாதுகாப்பு வசதிகள் கூடினால் ஓட்டுநர்கள் அதற்கேற்ப துணிந்து ஓட்டுகிறார்கள் என்று வாதிட்டார். எந்த அளவுக்கு என்பதில் இன்றுவரை சண்டை நடக்கிறது. மோட்டோஜிபியில் மார்க் மார்க்கேஸைப் பார்த்திருப்பீர்கள். வளைவில் முழங்கை தரையில் உரசும் அளவுக்குச் சாய்வார். வழுக்கினால் அதே முழங்கையை ஊன்றி எழுந்துவிடுவார். அவர்கள் உடையில் முழங்கையிலேயே உரசுவதற்கென்று ஒரு துண்டு இருக்கிறது. கவசம் இல்லாவிட்டால் அந்த வித்தையே இல்லை. கிரிக்கெட்டிலும் 1978இல் கிரஹாம் யாலப் முதன்முதலாக டெஸ்ட் போட்டியில் ஹெல்மெட் போட்டு இறங்கியபோது பார்வையாளர்கள் கூச்சலிட்டார்கள். இன்று ஹெல்மெட் இல்லாமல் யாராவது வேகப்பந்துக்கு ஹூக் ஆடினால் திட்டுவார்கள்.

கவசம் ஆட்டத்தை மாற்றும். தடுக்க முடியாது. எதிரியின் அடிக்குப் போடும் கவசம் என்றால், கூடக் கூட நல்லது. சொந்த வேகத்துக்குப் போடும் கவசம் அப்படியில்லை. அது என் வேகத்தோடு பேசிக்கொண்டே இருக்கிறது. அதனால் வாங்குகிறவன் கேட்க வேண்டியது "நான் விழுந்தால் எப்படி விழுவேன்?" என்ற கேள்வி. அதற்குப் பதில் தெரிய முதலில் ஒரு தடவையாவது மெதுவாக விழுந்து பார்த்திருக்க வேண்டும்.

யுசிஐகூட டவுன்ஹில் போட்டிகளில் முழுமுக ஹெல்மெட்டைத்தான் கட்டாயமாக்கியிருக்கிறது. முழங்கை, முழங்கால், முதுகுக் கவசங்களை வலியுறுத்திப் பரிந்துரைப்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

தம்பிக்கு இப்படி எழுதினேன்: "லெவல் 2-ங்கறது அடி நேரா கார்டு மேல விழுந்தா மட்டும்தான் பேசும். கை ஊனி விழுந்தா அதுக்கு சம்பந்தமே இல்ல. என் கைய நீயே பாத்திருக்க. ஞாயித்துக்கிழம வா, சேந்து வாங்கலாம்."

*

ஞாயிற்றுக்கிழமை வந்தான். முதலில் இஞ்ச் டேப்பை எடுத்தேன். முழங்கைக்கு மேலே நான்கு விரற்கடை, கீழே நான்கு விரற்கடை, இரண்டு சுற்றளவும். அளக்கும் முன் ஐந்து நிமிடம் கையை மூடி மூடித் திறக்கச் சொன்னேன். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து முன்கைத் தசை வீங்கும். ஓய்வில் அளந்து வாங்கினால் பாதி வழியில் ரத்த ஓட்டத்தை இறுக்கும்.

கடையில் அவன் நேராக ஆமை ஓட்டிடம் போனான். போட்டுப் பார்க்கட்டும் என்று விட்டேன். பிறகு கடைக்காரரின் சைக்கிளில் ஏறி, இறக்கத்தில் நிற்பது மாதிரி முழங்கைகளை வெளியே தள்ளி நிற்கச் சொல்லி, இருபது தடவை மடக்கி நீட்டச் சொன்னேன். பன்னிரண்டாவது தடவையில் ஓடு முழங்கையை விட்டு இறங்கி முன்கைக்கு வந்துவிட்டது. "அக்கா, இது நழுவுது" என்றான், நான் சொல்லாமலேயே.

கடைசியில் எடுத்தது: பின்னல் துணியில் கைக்குழாய் மாதிரி மாட்டுவது. மேல் விளிம்பில் உட்புறம் வழுக்காத சிலிக்கோன் பட்டை. முழங்கையில் வளையும் பேடு, அது முன்கையின் வெளிப்பக்கம் மணிக்கட்டுக்கு நான்கு விரல் மேல் வரை நீளும். லேபிளில் 'பி', 'டி பிளஸ்', லெவல் 1. அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. "ஒண்ணுதானா?" என்றான். மேட்டில் மிதித்து ஏறும்போது வேர்த்துக் கொட்டும், தடித்ததாக இருந்தால் கழற்றிப் பையில் போட்டுவிடுவாய், பையில் இருக்கிற கார்டுக்கு லெவலே கிடையாது என்றேன். கூடவே உள்ளங்கையில் பேடு வைத்த கையுறை ஒரு ஜோடி.

அதற்குப் பிறகு இரண்டு சனிக்கிழமை மலைக்குப் போகவில்லை. சித்தி வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில், புல் இருக்கும் ஓரமாக, விழப் பழகினோம். நடந்துகொண்டே, பிறகு மெதுவாக ஓட்டிக்கொண்டே. கையை நீட்டாமல் மடக்கி மார்போடு சேர்த்து, தோளில் உருண்டு. சொல்வது சுலபம். கை தானாக நீளும், அது நம் பேச்சைக் கேட்காது. எட்டாவது ஒன்பதாவது தடவைதான் அவன் கை மடங்கியது. சித்தி மொட்டை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரியில் கோத்தகிரி. காலைக் குளிரில் பேடு விறைத்து அட்டை மாதிரி இருந்தது. மாட்டிப் பத்து நிமிடத்தில் உடம்புச் சூட்டில் இளகியது. நான் பின்னால் வந்தேன். மூன்றாவது திருப்பத்தில், கிட்டத்தட்ட நான் முதலில் விழுந்த மாதிரியே ஒரு சரளையில், அவன் சைக்கிள் வழுக்கியது. என் தொண்டை அடைத்துவிட்டது. தூசி அடங்கியபோது அவன் தேயிலைச் செடிக்கடியில் மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"கை?" என்றேன்.

தூக்கிக் காட்டினான். நன்றாக நீண்டது. முழங்கைப் பேடில் ஒன்றுமே இல்லை. முன்கையின் வெளிப்பக்கத்தில் மட்டும், மணிக்கட்டிலிருந்து மேலே ஒரு சாண் நீளத்துக்கு, துணி நூல் நூலாகக் கிழிந்து செம்மண் ஏறியிருந்தது. அம்மிச்சி தன் சட்டையில் ஒட்டுப் போட்டுத் தைத்து வைத்திருந்த அதே இடம்.

"போலாமாக்கா?" என்று சைக்கிளை நிமிர்த்தினான்.

"கொஞ்சம் இரு" என்று சொல்லி, தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். என் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.